தொட்டுக் காட்டுங்கள்

"நல்லா பாருங்கம்மா. அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பன் தன் செல்போனை ஆஃப்ஷீனின் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வராந்தா அது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய நாத்தனார் இரம், தலை முழுக்கக் கட்டோடு, வாயில் குழாயோடு கிடந்தாள். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் தலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஃப்ஷீனின் கணவன் ஃபைஸான் அந்தக் கதவில் நெற்றியை வைத்தபடி நின்றிருந்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவன் வளர்த்த தங்கை இரம்.

முந்தின நாள் பிற்பகல் நடந்தது அது. ஆஃப்ஷீனும் இரமும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஷிப்ட் முடிந்து, ஆஃப்ஷீன் ஸ்கூட்டர் ஓட்ட, இரம் பின்னால் உட்கார்ந்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் ஒரு பைக் ஒட்டி வந்தது. பைக்கின் பின்னால் இருந்தவன் கையை நீட்டி இரமின் கழுத்துச் செயினைப் பிடித்து இழுத்தான். செயின் உடனே அறுந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. அது அறுவதற்குள் இரம் பின்பக்கமாகச் சரிந்து சாலை நடுவிலிருந்த சிமெண்ட் தடுப்பில் போய் விழுந்தாள். ஸ்கூட்டர் சாய்ந்து, அதன் அடியில் கால் மாட்டிக்கொண்ட ஆஃப்ஷீன் தலையைத் தூக்கிப் பார்த்தபோது, பின்னால் இருந்தவன் ஒருமுறை திரும்பினான். முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டை தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. நல்ல வெயில். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

அதைத்தான் அவள் போலீசிடம் சொல்லியிருந்தாள். பார்த்த ஒரே சாட்சி அவள்தான்.

செல்போனில் இருந்தவனுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒடிசலான முகம், மேலுதட்டில் மெல்லிய மீசை. காவல் நிலையத்தின் பச்சை வண்ணம் அடித்த சுவர் ஒன்றின் முன் நிற்கவைத்து எடுத்திருந்தார்கள்.

"இவன்தானே?" என்றார் கோவிந்தப்பன்.

"அந்த மாதிரிதான் சார் தெரியுது."

"மாதிரின்னா?"

"இருக்கலாம் சார்."

"பேரு அஜித்குமார். ஊரு தளிப் பக்கம். ஏற்கெனவே பைக் திருட்டு கேஸ் ஒண்ணு இவன் மேல இருக்கு. நேத்து அதே ரோட்டுல இவனப் பார்த்ததா ஒருத்தர் சொல்றாரு. நீங்க பயப்படாம சொல்லுங்கம்மா."

ஃபைஸான் அதற்குள் பக்கத்தில் வந்து போனை எட்டிப் பார்த்துவிட்டான். "இவனா?" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "ஆஃப்ஷீன், இவனா?"

அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள்.

அந்தத் தலையசைப்பு எவ்வளவு தூரம் போகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அஜித்குமாரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தி ரிமாண்டு செய்துவிட்டார்கள். அதே பச்சைச் சுவர்ப் படம் எப்படியோ வெளியே வந்து, ஊரில் இருக்கிற எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. கம்பெனித் தோழிகள் அனுப்பினார்கள். ஃபைஸானின் செருப்புக் கடைக்கு வருகிறவர்கள் காட்டினார்கள். வேலூரிலிருந்து சொந்தக்காரர்கள் அனுப்பி, "இவன் கைய உடைக்கணும்" என்று எழுதினார்கள். ஆஃப்ஷீன் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் விரல் போய்த் தொட்டுவிடும்.

இரமுக்கு நினைவு திரும்பியது. ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன அன்று ஃபைஸான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதான். ஆனால் வீட்டுக்கு வந்த இரம் பழைய இரம் இல்லை. சொல்ல வந்த வார்த்தை கிடைக்காமல் நடுவில் நின்றுவிடுவாள், நின்றதற்காக அழுவாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறை வரை போக முடியும். விழுந்த நிமிடம் பற்றி அவளுக்கு எந்த நினைவும் இல்லை.

"நீ பார்த்தல்ல அண்ணி?" என்று ஒருநாள் கேட்டாள், ஆஃப்ஷீன் அவளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது.

"பார்த்தேன்."

"அவன்... அவன் சிரிச்சானா?"

ஆஃப்ஷீனின் கை நின்றது. சிரித்தானா? அவள் கண்ணை மூடி அந்தச் சாலையைக் கொண்டுவரப் பார்த்தாள். பைக் வந்தது. இரமின் அலறல் வந்தது. முழங்காலில் சூடான சைலன்சர் பட்ட எரிச்சல்கூட வந்தது. திரும்பிப் பார்த்தவனின் முகமும் வந்தது. ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் சாலை இல்லை. பச்சை வண்ணம் அடித்த சுவர் இருந்தது.

அவள் துண்டை இரமின் மடியில் போட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். மறுபடி கண்ணை மூடினாள். மறுபடியும் சுவர்.

இதை யாரிடம் சொல்வது? ஃபைஸானிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் அந்த நாட்களில் ஒரே ஒரு சிந்தனையோடு நடமாடிக்கொண்டிருந்தான். வக்கீல் ஒருவரிடம் போய்க் கேட்டு வந்து அவளிடம் விளக்கினான். "போலீஸ் பிடிச்சா மட்டும் பத்தாதாம். போலீஸ்கிட்ட அவன் ஒத்துக்கிட்டாகூட கோர்ட்டுல செல்லாதாம். செயினும் அவன்கிட்ட கிடைக்கல. நீ ஜெயிலுக்குப் போயி, ஜட்ஜ் முன்னால, நாலு பேரு நடுவுல நிக்கிறவன இவன்தான்னு அடையாளம் காட்டணும். அதுதான் கேஸு. உன்ன வெச்சுத்தான் எல்லாம்."

"உன்ன வெச்சுத்தான்" என்பதை அவன் பெருமையாகத்தான் சொன்னான்.

அடையாள அணிவகுப்புக்கு நாள் குறிக்கப்படுவதற்கு முன், கம்பெனி வாசலில் ஒரு நடுத்தர வயதுப் பெண் அவளுக்காகக் காத்திருந்தாள். மற்றவர்கள் பஸ் ஏறும் நெரிசலில் அந்த அம்மாள் நேராக ஆஃப்ஷீனிடம் வந்தாள். கைகளில் ரோஜாச் செடியின் முள் கிழித்த கோடுகள். காலில் ஈரமண் காய்ந்த செருப்பு.

"நான் செல்வம்மாள், தாயி. தளியிலருந்து வர்றேன். அஜித்தோட அம்மா."

ஆஃப்ஷீன் ஒரு அடி பின்னால் போனாள். சுற்றிலும் பார்த்தாள். யாராவது கூட வந்திருக்கிறார்களா? ஆசிட், கத்தி என்று என்னென்னவோ மனதில் ஓடியது. "நீங்க எங்கிட்ட பேசக் கூடாது" என்றாள்.

"கெஞ்ச வரல தாயி. ஒரே ஒரு வார்த்த." செல்வம்மாளின் தமிழில் கன்னட இழுப்பு இருந்தது. "நல்லா நோடு. நல்லா பாத்து சொல்லு. அவனா இருந்தா, அவன்தான்னே சொல்லு. ஏன் சொன்னேன்னு நான் வந்து கேக்க மாட்டேன். இந்தப் பாழாப்போன பய முன்னாடி பைக்கு திருடினான், நானே செருப்பால அடிச்சேன். ஆனா அவனா இல்லாட்டி..."

அந்த அம்மாள் கும்பிட்டாள். ஆஃப்ஷீன் ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். வீட்டில் சொன்னதும் ஃபைஸான் உடனே இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தான். "சாட்சிய மிரட்ட ஆரம்பிச்சிட்டாங்க சார்!"

"அவங்க மிரட்டலங்க" என்றாள் ஆஃப்ஷீன்.

"பின்ன எதுக்கு வந்தாங்களாம்? நலம் விசாரிக்கவா?"

இரண்டு நாள் கழித்து கோவிந்தப்பனே வீட்டுக்கு வந்தார். செல்வம்மாளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் காலையிலிருந்து இருட்டும் வரை பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பியதாகச் சொன்னார். "இனி இந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்க மாட்டா. நீங்க தைரியமா இருங்க." தேநீர் குடித்துவிட்டு எழும்போது, குரலைத் தாழ்த்தினார். "நாளன்னைக்கு கிருஷ்ணகிரி கிளைச் சிறைக்கு வரணும்மா. உள்ள நாங்க யாரும் வர மாட்டோம், நடுவர் மேடம், அதான் மாஜிஸ்ட்ரேட், அவங்க மட்டும்தான் இருப்பாங்க. ஒரு விஷயம். முன்னாடியே போட்டோ ஏதாச்சும் காட்டினாங்களான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லிடுங்க."

"காட்டினீங்களே சார்."

"அது விசாரணைக்காகக் காட்டினது. அத எல்லாம் அங்க போய் விளக்கிட்டு இருந்தா டிபன்ஸ் வக்கீல் அதையே பிடிச்சுத் தொங்குவான். கேஸ் போயிடும்." அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. உள்ளறையில் படுத்திருந்த இரமை ஒருமுறை பார்த்தார். "எனக்கும் பொண்ணு இருக்கும்மா. இவன விட்டா நாளைக்கு இன்னொரு பொண்ணு."

அணிவகுப்பு நாளன்று ஃபைஸான் ஒரு காரை வாடகைக்கு எடுத்திருந்தான். புறப்படும்போது இரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து நின்றாள். அண்ணியின் துப்பட்டாவைச் சரி செய்துவிட்டாள்.

வழியில் சானமாவு காட்டருகே வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. யானைக் கூட்டம் ஒன்று சாலையைத் தாண்டப்போகிறது என்று வனத்துறை ஆட்கள் கையை விரித்து எல்லாரையும் நிறுத்தியிருந்தார்கள். லாரிக்காரர்கள் இறங்கி நின்று செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஃபைஸான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"என்னங்க" என்றாள் அவள். "எனக்கு அந்த முகம் குழம்புது."

"எந்த முகம்?"

"ரோட்டுல பார்த்த முகம். போட்டோவப் பார்த்துப் பார்த்து, இப்ப எது எதுன்னு..."

அவன் தட்டுவதை நிறுத்தினான். "பயத்துல அப்படித்தான் இருக்கும். உள்ள போனதும் தெளிஞ்சிடும்."

"தெளியலன்னா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக ஏதோ இருந்தது. "ஆஃப்ஷீன், அவ ராத்திரி தூங்கும்போது வாய்விட்டு அழுறா. உனக்குக் கேக்குதா இல்லையா?"

"கேக்குது."

"அப்ப அத மட்டும் நெனச்சுக்கிட்டுப் போ."

முன்னால் வண்டிகள் நகர ஆரம்பித்தன.

கிளைச் சிறையின் இரும்புக் கதவில் ஒரு சின்னக் கதவு. ஃபைஸானையும் கோவிந்தப்பனையும் வெளியிலேயே நிறுத்திவிட்டு, அவளை மட்டும் குனிந்து வரச் சொன்னார்கள். ஒரு அறையில் நடுவர் உட்கார்ந்திருந்தார். ஆஃப்ஷீனின் வயதுதான் இருக்கும். பேர், ஊர், நடந்ததைச் சுருக்கமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"யாரும் பக்கத்துல இல்ல. போலீஸ் இல்ல. நீங்க சொல்றது எங்கிட்ட மட்டும்தான் சொல்றீங்க. கைது செஞ்சவர இதுக்கு முன்னாடி உங்களுக்கு நேர்லயோ படத்துலயோ யாராவது காட்டினாங்களா?"

ஆஃப்ஷீன் மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "இல்ல மேடம்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன் குரலே அவள் காதில் விழுந்தது. நடுவர் எழுதினார். எழுந்து, "வாங்க" என்றார்.

சிறை முற்றத்தில் வெயில் விழுந்திருந்தது. மதிலோரமாக ஆண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரம். ஒடிசலானவர்களாகவே பார்த்து நிறுத்தியிருந்தார்கள். பாதிப் பேருக்கு மேலுதட்டில் மீசை. நடுவர் தாழ்ந்த குரலில், "மெதுவா நடந்து போய் ஒவ்வொருத்தரையும் பாருங்க. அன்னைக்குப் பார்த்தவர் இதுல இருந்தா தொட்டுக் காட்டுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லலாம். அதுவும் பதில்தான்" என்றார்.

அவள் நடந்தாள். முதல் முகம். தெரியாத முகம். அடுத்ததும் அப்படியே. ஒருவன் வானத்தைப் பார்த்தான், ஒருவன் அவள் காலைப் பார்த்தான். வரிசையின் நடுவைத் தாண்டியதும் அவன் நின்றிருந்தான்.

உடனே தெரிந்துவிட்டது. தேடவே வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது போல அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த நெற்றி, அந்த மீசை, இடது புருவத்தில் முடி இல்லாத சின்ன இடம். அவள் கை தானாக மேலே எழுந்தது. அஜித்குமார் அதைப் பார்த்தான். கண்களை இறுக மூடிக்கொண்டான், ஊசி போடும்போது சின்னப் பிள்ளைகள் மூடிக்கொள்வதைப் போல.

அவள் விரல்களுக்கும் அவன் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

புருவத்தில் முடி இல்லாத இடத்தை நான் எப்போது பார்த்தேன்? ஓடுகிற பைக்கில் திரும்பியவனின் புருவத்தை, ஸ்கூட்டருக்கு அடியில் கிடந்துகொண்டு நான் பார்த்தேனா? இல்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோது பார்த்தது அது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, எத்தனையோ முறை. எல்லா முகமும் தெரியாத முகமாக இருக்கும் வரிசையில் இவன் முகம் மட்டும் தெரிகிறதென்றால், எங்கிருந்து தெரிகிறது?

அவள் கை அந்தரத்தில் நின்றது. சாலையை நினைத்துப் பார்த்தாள். கடைசியாக ஒருமுறை, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வெயிலையும் அந்த பைக்கையும் திரும்பியவனையும் கூப்பிட்டுப் பார்த்தாள். பச்சைச் சுவர்தான் வந்தது.

கையை இறக்கிக்கொண்டாள்.

"மேடம்" என்றாள். "நான் ஒண்ணு மாத்திச் சொல்லணும்."

வரிசையில் நின்றவர்கள் அசைந்தார்கள். நடுவர் அவளை மீண்டும் அறைக்குள் அழைத்துப் போனார். உட்காரச் சொன்னார். தண்ணீர் தரச் சொன்னார்.

"அதுல ஒருத்தர எனக்குத் தெரியும் மேடம். ஆனா ரோட்டுல பார்த்துத் தெரியுமான்னு எனக்குத் தெரியல. போன்லதான் பார்த்தேன். மறுநாளே ஆஸ்பத்திரியில காட்டினாங்க. அப்புறம் எல்லாருக்கும் வந்துச்சு. நான் அப்ப 'இருக்கலாம்'னுதான் சொன்னேன். தலைய ஆட்டினேன். இப்ப அந்தத் திருடன் முகம்னு நெனச்சா அந்தப் படம்தான் வருது. வேற எதுவும் வரல."

"கொஞ்சம் முன்னாடி இல்லன்னு சொன்னீங்களே?"

"பொய் சொல்லிட்டேன் மேடம்."

"யாராவது அப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஃபைஸானாக இருக்கலாம். கோவிந்தப்பன் வீட்டுக்கு வந்து சொன்னதை அவள் சொன்னாள். நடுவரின் பேனா ஓரிடத்தில் நின்று, மறுபடி ஓடியது. முடித்ததும் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினார். அவள் சொன்ன சொற்களே, கூட்டாமல் குறைக்காமல் இருந்தன.

"எனக்கு இதுக்குத் தண்டனை உண்டா மேடம்?"

நடுவர் பேனாவை மூடினார். "நீங்க இங்கேயே, இப்பவே திருத்திட்டீங்க. அதையும் எழுதியிருக்கேன்" என்றார். "போயிட்டு வாங்க."

சின்னக் கதவைத் தாண்டி அவள் வெளியே வந்ததும் ஃபைஸான் ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான். கோவிந்தப்பனுக்கும் புரிந்துவிட்டது. அவர் தொப்பியை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, "உங்க நாத்தனாருக்கு நீங்களே கதவச் சாத்திட்டீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பை நோக்கிப் போனார்.

ஃபைஸான் வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓசூர் வரை ஓட்டினான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "அவகிட்ட நீயே போயி சொல்லு" என்றான்.

சொன்னாள். இரம் கட்டிலில் சாய்ந்து கேட்டாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது, வார்த்தைக்காகத் தடுமாறி, கையால் காற்றைப் பிடித்துப் பிடித்து, "நீ... பார்த்தேன்னியே... நீ மட்டும்தானே அண்ணி..." என்றாள்.

"பார்த்தேன் இரம். ஆனா அது இப்ப எங்கிட்ட இல்ல. போயிடுச்சு."

இரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஆஃப்ஷீன் வாழ்ந்த வாழ்க்கையை அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஃபைஸான் பேசினான், "உப்பு வேணும்", "கதவ சாத்து" என்கிற அளவுக்கு. இரம் தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்ளப் பழகிக்கொண்டாள், அண்ணியிடம் கேட்க வேண்டாம் என்பதற்காக. அஜித்குமாருக்கு ஜாமீன் கிடைத்தது என்ற செய்தி வந்த நாளில் ஃபைஸான் கடைக்குப் போகாமல் மாடியில் உட்கார்ந்திருந்தான். குற்றவாளியைத் தப்பவிட்டவள் நான்தானோ என்று அவளும் நினைத்தாள். தொட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒரு சாண். கம்பெனிக்குப் போகிற வழியில் எந்த பைக் பக்கத்தில் வந்தாலும் அவள் உடம்பு இறுகியது. அவன்தான் செய்திருந்து, சிரித்துக்கொண்டே தளியில் திரிகிறானோ?

கோவிந்தப்பனிடமிருந்து வழக்கு கைமாறியது. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் மணிமேகலை அதிகம் பேசாதவர். ஆஃப்ஷீனிடம் முகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பைக்கின் நிறம், அவர்கள் போன திசை, இரம் அணிந்திருந்த செயின் எப்படி இருக்கும், இதைத்தான் கேட்டார். சாலையோர பெட்ரோல் பங்க், கம்பெனி வாசல்கள் என்று எங்கெல்லாம் கேமரா இருந்ததோ அங்கெல்லாம் அன்றைய பதிவை வாங்கினார். இரண்டு பேர் வந்த கறுப்பு பைக் ஒன்று கர்நாடக எல்லை நோக்கிப் போனது ஒரு கேமராவில் கிடைத்தது. எண் பலகையில் பாதிதான் தெரிந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெண்ணிடம் செயினைப் பறித்துவிட்டு ஓடிய இருவரைக் கர்நாடக போலீஸ் பிடித்தது. அதே பைக். அவர்கள் தங்கியிருந்த அறையில் இன்னும் விற்காத நகைகள் இருந்தன. அதில் ஒன்று இரமின் அம்மா அணிந்திருந்த, பிறகு இரம் அணிந்த செயின்.

மணிமேகலை வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது ஃபைஸான் நின்றுகொண்டிருந்தான். மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அப்ப அந்தத் தளிப் பையன்?" என்றான்.

"அவனுக்கும் இவங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்ல. அன்னைக்கு அந்த ரோட்டுல வேலை கேட்டு ஒரு கம்பெனிக்குப் போயிருக்கான். முதல்லயே அத யாரும் சரிபார்க்கல."

ஃபைஸான் மனைவியைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது மறு வருடத்து வெயில் தொடங்கியிருந்தது. ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் புங்க மரத்தடியில் ஆஃப்ஷீன் காத்திருந்தாள். வேறு வேலையாக வந்திருந்த அஜித்குமார் அவளைப் பார்த்துவிட்டு அருகில் வந்தான். பைக் திருட்டு வழக்குக்கு வாய்தாவாம். இன்னும் மெலிந்திருந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் எழுந்து நின்றாள்.

"அக்கா, ஜெயில்ல சொன்னத ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான் அவன்.

அவள் துப்பட்டாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவ ஸ்டேஷன்ல உக்காரவெச்சாங்க. ஊருல ரோஜாத் தோட்ட வேலைக்கு இன்னும் அதக் கூப்பிடறதில்ல." கத்தவில்லை. நடந்ததைச் சொல்கிறவனைப் போலச் சொன்னான். "சரி. அந்தக் கைய இறக்கினீங்க. அது எனக்கு மறக்காது. இதுவும் மறக்காது." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். சாட்சிக் கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். குற்றவாளிக் கூண்டில் நின்ற இருவரில் உயரமானவனைக் காட்டி அரசு வக்கீல் கேட்டார். "அன்று திரும்பிப் பார்த்தது இவரா?"

அவள் பார்த்தாள். அகன்ற முகம், தடித்த உதடு. சாலையில் வெயிலில் அவள் கண்ணெதிரே திரும்பியவன் இவன்தான் என்று எல்லாமே சொல்லின. கேமரா சொன்னது, செயின் சொன்னது. அவள் மனதில் மட்டும் எந்த அசைவும் இல்லை. தெருவில் எதிரே போகிற யாரோ ஒருவனின் முகம் அது.

"எனக்கு அடையாளம் தெரியலைங்க" என்றாள்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது அவள் சிறை முற்றத்தை நினைத்தாள். அன்று விரலை நீட்டியிருந்தால் ஒரு சந்தேகமும் இல்லாமல் ஆயுளுக்கும் அஜித்குமாரைத் திருடன் என்று நம்பியிருப்பாள். அவன் முகத்தை எங்கே பார்த்தாலும் சாலை நினைவுக்கு வந்து உடம்பு பதறியிருக்கும்.

அடுத்து இரம். ஊன்றுகோலோடு நடந்தாள்; உதவிக்கு வந்த பெண் காவலரைத் தலையசைத்து விலக்கிவிட்டாள். செயினைக் காட்டினார்கள். கொக்கி உடைந்துபோனபோது அவளே சிவப்பு நூல் சுற்றியிருந்தாள். அது அப்படியே இருந்தது.

"இது... என்னோடது. எங்க அம்மாவோடது" என்றாள். வார்த்தைகள் நின்று நின்று வந்தன. நீதிபதி அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

தீர்ப்பு வந்த நாளில் இருவருக்கும் சிறைத் தண்டனை என்று கேட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஃபைஸான் வண்டியை எடுத்து வரப் போனவன், பாதி தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தான். ஆஃப்ஷீன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "கார்ல அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான். அவள் ஏதாவது சொல்வதற்குள் போய்விட்டான்.

மரத்தடி பெஞ்சில் இரம் உட்கார்ந்திருந்தாள். ஆஃப்ஷீன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரம் இருவரும் வக்கீல்களின் கறுப்புக் கோட்டுகள் போவதையும் வருவதையும் பார்த்தார்கள்.

"அவன நல்லா பார்த்தேன் அண்ணி" என்றாள் இரம். "முகத்தப் பார்த்தா எல்லாம் ஞாபகம் வந்துடும்னு நெனச்சேன். பயமா இருக்கும்னு நெனச்சேன்."

"வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. சும்மா... ஒரு ஆளு."

அவள் ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தாள். பிறகு கையை அண்ணியின் பக்கம் நீட்டினாள். ஆஃப்ஷீன் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"பசிக்குது" என்றாள் இரம்.